குடும்பக் குரூப்பில் கொடிகட்டிப் பறப்பது எப்படி?

பணி ஓய்வு விழா முடிந்து, போட்ட மாலை காய்ந்து, கொடுத்த குத்துவிளக்கு அட்டைப்பெட்டியோடு பரணில் ஏறிவிட்டதா? நல்லது. இனிமேல்தான் உங்களுக்கு வேலை. மகன் வாங்கிக் கொடுத்த போன் கையில் இருக்கிறது. நாளுக்கு ஒன்றரை ஜிபி இருக்கிறது. அதை ராத்திரி 12 மணிக்குள் தீர்க்காவிட்டால் வீணாகப் போய்விடும் என்கிற பொறுப்பும் இருக்கிறது. குலதெய்வத்தின் படம் வைத்த ‘நம்ம குடும்பம்’ குரூப்பில் 62 பேர் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பேச்சைக் கடைசியாகக் காது கொடுத்துக் கேட்டது எப்போது? சீமந்தத்துக்கு வேன் பேசியபோது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கையேடு.

ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, ‘இனிய காலை வணக்கம்’ எல்லாம் எல்.கே.ஜி. அதில் பேர் வாங்க முடியாது. வீட்டுக்கு வீடு ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். பேர் வாங்க வேண்டுமானால் தகவல் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாத தகவல், அதுவும் முதலில். அது உண்மையாகவும் இருந்தாக வேண்டும் என்று குரூப் விதிகளில் எங்கும் எழுதியில்லை. அட்மினைக் கேட்டுப் பாருங்கள். அவர் உங்கள் மச்சான்தான்.

முதலில் சரக்கின் வகை தெரிந்துகொள்ளுங்கள். நம் முன்னோர்கள் இதை அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எந்தத் தாத்தாவும் சொன்னதில்லை. 2017இல் கிளேர் வார்டில், ஹொசைன் டெரக்‌ஷான் என்ற இருவர் ஐரோப்பிய கவுன்சிலுக்காக ஓர் அறிக்கை எழுதி மூன்றாகப் பிரித்தார்கள். பொய் என்று தெரியாமல், நல்ல எண்ணத்தில் பரப்புவது முதல் வகை. பொய் என்று தெரிந்தே, ஆதாயத்துக்காகவோ குரோதத்துக்காகவோ பரப்புவது இரண்டாவது. மூன்றாவதில் சொல்வது உண்மைதான். ஆனால் ஒருவரைக் குத்திக் காயப்படுத்துவதற்காகவே வெளியே எடுக்கப்பட்ட உண்மை. நான் இவற்றுக்குப் பாசப்பொய், காசுப்பொய், கத்திமெய் என்று பெயர் வைத்திருக்கிறேன். வார்டில் அம்மையார் இதற்கு முன்பே கேலியில் தொடங்கி முழுக்கக் கட்டியது வரை ஏழு வகைகளாகப் பட்டியல் போட்டிருந்தார். ஏழையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எங்கோ ஓர் அறையில் காசுப்பொய்யாகச் செய்யப்பட்ட சரக்கு, நாலு கை மாறி உங்கள் சித்தியிடம் வரும்போது சுத்தமான பாசப்பொய்யாகிவிடுகிறது. ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது. இந்தத் தொழிலின் அழகே அதுதான்.

இனி பாடத்துக்கு வருவோம். தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது பெருமை. பயமுறுத்தினால் ஒருவேளை யாராவது சரிபார்ப்பார்கள். பெருமைப்படுத்தினால் பார்க்கவே மாட்டார்கள். பெருமையை உறுதி செய்ய நாசாவைக் கூப்பிடுங்கள். நாசாவுக்கு போன் போட்டு, ‘சார், நீங்க அப்படிச் சொன்னீங்களா?’ என்று கேட்கிற சித்தப்பா எந்தக் குடும்பத்திலும் கிடையாது. திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகின்றன, நாசாவே திகைத்துவிட்டது என்கிற செய்தி உங்களுக்கு எத்தனை முறை வந்திருக்கும்? தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் ஓடும். மூன்று விநாடியில் காரைக்காலிலிருந்து நாகப்பட்டினத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். அந்த ஓட்டம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நிஜமாகவே நின்றால், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பாது; நளதீர்த்தத்தில் வந்து விழும். இந்தக் கணக்கை நீங்கள் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். சனி பகவானோடு விளையாடாதே என்று பெரியம்மாவிடமிருந்து தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும்.

அதே நாசாதான் 2015 டிசம்பரில், சென்னை ஏற்கெனவே தண்ணீரில் கிடந்தபோது, 250 சென்டிமீட்டர் மழை வரப்போகிறது என்று ‘அறிவித்தது’. அதே நாசாதான் வருடா வருடம் தீபாவளி இரவில் இந்தியாவைப் படம் பிடித்து அனுப்புகிறது. நாடே நீலமும் சிவப்பும் பச்சையுமாக ஜொலிக்கும். அந்தப் படம் வந்த வழியைக் கேளுங்கள். அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர், பல ஆண்டுகளின் இரவுப் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். 1992, 1998, 2003 என்று காலம் போகப்போகப் புதிதாக முளைத்த விளக்குகளுக்கு வேறு வேறு நிறம் கொடுத்தார். ஊர்கள் வளர்ந்த கதையைச் சொல்லும் படம் அது. தீபாவளி விளக்குகள் விண்வெளியிலிருந்து பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தெரியாது என்று 2012இல் நாசாவே விளக்கமும் கொடுத்தது. விளக்கத்தை யார் ஃபார்வர்ட் செய்வார்கள்? அதில் நிறமே இல்லை.

நாசா அலுத்துவிட்டால் யுனெஸ்கோ இருக்கிறது. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்துவிட்டது. ‘சற்று முன்’ அறிவித்தது. 2008 வாக்கிலிருந்து சற்று முன் அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

உள்ளூர்ச் சரக்கு வேண்டுமா? தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் நிழல் தரையில் விழாது. இதை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ஒரு முறை அந்தக் கோயில் வளாகத்திலேயே கேட்டிருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு யாருமே அங்கே தரையைப் பார்த்ததில்லையா என்று கேட்காதீர்கள். பார்க்கிறார்கள். வெயிலுக்கு அந்த நிழலில் உட்கார்ந்துதான் நிழல் விழாத அதிசயத்தை ஃபார்வர்ட் செய்கிறார்கள். (கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். 1010இல் ராஜராஜன் 200 அடிக்கு மேல் கல்லை அடுக்கி நிறுத்தி, அது இன்றும் நிற்கிறது. அதற்கு மேல் விழாத நிழல் வேறு எதற்கு? பெற்ற பிள்ளை கலெக்டராக இருக்கும்போது, அவன் பறப்பான் என்றும் சொல்லித் திரிகிற மாதிரி இருக்கிறது.)

அடுத்த பாடம் கலப்படம். முழுப் பொய் சீக்கிரம் கெட்டுப்போகும். உண்மையில் ஊறப்போட்டால் வருஷக்கணக்கில் தாங்கும். சிதம்பரம் செய்தியைப் பாருங்கள். காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் உண்மைதான், பார்க்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும். அந்தக் கூச்சம் அடங்குவதற்குள் அடுத்த வரியை நுழைக்க வேண்டும்: உலகின் காந்தப்புலத்தின் மையமே நடராஜரின் கால் கட்டைவிரலில்தான் இருக்கிறது. முதல் வரியைச் சரிபார்த்தவர் இரண்டாவதைச் சரிபார்க்க மாட்டார். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கத்தில் எங்கே போகிறது என்பது ராக்கெட் விடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காகத்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் குப்பத்தைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பரில் அங்கிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்கள். சிதம்பரத்துக்கு வரவில்லை.

கலப்படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ரேஷன் அரிசி. இதில் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று சொன்னால் போதும். ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் போடுங்கள், நாலைந்து மணி மிதக்கிறதா? மிதக்கிறது. பார்த்தால் மற்ற அரிசி போல் இல்லையே? இல்லைதான். அப்படியானால் பிளாஸ்டிக். வீடியோ எடுத்தாயிற்று, பின்னணியில் சோக இசை சேர்த்தாயிற்று, ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று தலைப்பும் வைத்தாயிற்று. கண்ணால் கண்டதுதானே, பொய்யா?

அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, ஓர் இயந்திரத்தில் கொடுத்து அரிசி வடிவில் பிழிந்து எடுக்கிறார்கள். நம் வீட்டு இடியாப்பம் பிழிகிற மாதிரிதான், உரல் பெரிசு. அந்த மணிகளை 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சாதா அரிசியில் கலக்கிறார்கள். பிழிந்த மணி என்பதால் நிறத்திலும் எடையிலும் கொஞ்சம் வேறுபடும், சில மிதக்கும். மேலும், அரிசியைவிடப் பிளாஸ்டிக்கின் விலை கூடுதல். அதைக் கலக்கிற வியாபாரி நஷ்டத்துக்குக் கலப்படம் செய்கிற தர்மவானாக இருக்க வேண்டும். ஆனால் வீடியோ வந்த வீடுகளில் என்ன நடக்கிறது? முறத்தில் போட்டு அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசலில் எறிகிறார்கள். பிறகு உடம்பெல்லாம் அசதி என்று டாக்டரிடம் போய், ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வருகிறார்கள்.

பழைய படம், புதுத் தலைப்பு: இதுதான் இருப்பதிலேயே மலிவான முறை. கத்தரிக்கோல் வேண்டாம், கணினி வேண்டாம். எந்த ஊரிலோ எந்த வருஷமோ எடுத்த வீடியோவுக்குக் கீழே ‘நேற்று நடந்தது’ என்று இரண்டு வார்த்தை. சென்னை வெள்ளத்தில், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து நகருக்குள் வந்துவிட்டதாக இப்படித்தான் கிளம்பிற்று. எங்கள் முதலைகள் எங்களிடம்தான் இருக்கின்றன என்று பண்ணைக்காரர்கள் அறிக்கை விட வேண்டி வந்தது. சிரிப்பாக இருக்கிறதல்லவா? 2023 மார்ச்சில் அதே முறையில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் சுற்றின. எங்கெங்கோ வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகள் அவை. திருப்பூரில் வேலை பார்க்கிற பையனுக்கு ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் போட்டால் அவன் என்ன செய்வான், மூட்டை கட்டினான். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது. நம்மைப் பற்றிப் பிறர் நம்பிய பொய் என்பதால் அப்போது நமக்கு ரத்தம் கொதித்தது. வடக்கத்திக்காரர்களைப் பற்றி நம் குரூப்பில் வந்தவை வேறு. அவை விழிப்புணர்வு.

டிவி லோகோ போட்ட நியூஸ் கார்டு, தலைவர் சொல்லாததை மேற்கோள் குறிக்குள் போட்டது, கலாம் ஐயா பெயரில் வருகிற பொன்மொழி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நீங்களாகச் செய்ய வேண்டியது ஏதுமில்லை, எழுத்துரு கொஞ்சம் கோணலாக ரெடிமேடாகக் கிடைக்கும். வள்ளுவர் எழுதியது 1330. எங்கள் குரூப்பில் எண்ணிக்கை அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கேலிக்கு எழுதியதை நிஜம் என்று அனுப்புவதும் உண்டு. அது நீங்கள் அறியாமல் தானாக நடக்கும்.

பிரச்சினை ஒன்று வரும். காலேஜில் படிக்கிற தம்பி மகன், ‘பெரியப்பா, இது ஃபேக். ஃபேக்ட் செக் லிங்க் அனுப்பியிருக்கேன் பாருங்க’ என்று எல்லார் முன்னாலும் போட்டுவிடுவான். பதறாதீர்கள். லிங்க்கைத் திறக்கவும் திறக்காதீர்கள். பதில்கள் கைவசம் உண்டு. ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்பது எல்லா நோய்க்கும் மருந்து. ‘பொய்யாவே இருக்கட்டும்பா, ஜாக்கிரதையா இருக்கறதுல என்ன தப்பு?’ என்பது இரண்டாவது. ‘நீ படிச்சவன்தான், பெரியவங்ககிட்டப் பேசற முறை இதுவா?’ என்பது மூன்றாவது. மூன்றாவது வந்துவிட்டால் பேச்சு அரிசியை விட்டு வளர்ப்புக்குப் போய்விடும். அவனுடைய அம்மாவே அவனை அடக்கிவிடுவாள்.

இன்னொரு உபாயம், அனுப்பியதையே இரண்டு மாதம் கழித்துத் திரும்ப அனுப்புவது. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டாப்பினோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் சில வாக்கியங்களைச் சில வாரங்கள் விட்டு விட்டுக் காட்டினார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவை, உண்மையோ பொய்யோ, மாணவர்களுக்கு மேலும் உண்மையாகத் தெரிந்தன. காது பழகினால் மனசு பழகிவிடுகிறது. ‘இதை நானும் கேள்விப்பட்டிருக்கேன்’ என்று அத்தை சொல்வாள். சொன்னவர் நீங்களேதான் என்பது அவளுக்கு மறந்திருக்கும். உங்களுக்கும்.

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்ற செய்தி தெருக்கோடி போவதற்குள், காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு பொய்யை வளர்க்க ஊரே உழைத்தது. ஆளுக்கு ஓர் இறக்கை ஒட்டினார்கள். இப்போது ஃபார்வர்ட் பட்டனில் ஓர் எழுத்தும் சிந்தாது, சிதறாது. தொழிற்சாலையிலிருந்தே காக்காவாகப் பறந்து வருகிறது. 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், ட்விட்டரில் சுற்றிய 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய்யை மறுபடி பகிர்வதற்கான வாய்ப்பு 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. எந்திரக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் நிலைமை மாறவில்லை. மனிதர்கள்தான் பகிர்ந்தார்கள். நம்மைப் போல, மெனக்கெட்டு.

மேல்வகுப்பில் நீங்கள் கையாள வேண்டியது பயம். கோழி தின்றால் கொரோனா என்று 2020 தொடக்கத்தில் ஒரு செய்தி பறந்தது. பண்ணைக்காரர்கள் கோழியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் பயத்திலும் உச்சம், குழந்தை பற்றிய பயம். இந்தப் பாடத்துக்கு என்னிடமே ஓர் உதாரணம் இருக்கிறது.

2018 ஏப்ரல் கடைசியில் எனக்கு ஒரு வீடியோ வந்தது. சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் ஒருவன் ஒரு பையனைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ள வண்டி பறக்கிறது. அவ்வளவுதான் வீடியோ. அது கராச்சியில் ஒரு தொண்டு அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் என்பதும், முழுப் படத்தில் அந்த வண்டி திரும்பி வந்து பையனை இறக்கிவிடுகிறது என்பதும், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. கடைசிச் சில விநாடிகளை யாரோ வெட்டியிருந்தார்கள். வார்டில் அம்மையாரின் ஏழில் இது எத்தனையாவது என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அன்று நான் பேத்தியை நினைத்தேன். ‘நம்ம ஏரியாவுக்கும் வந்துட்டாங்களாம். உஷார்’ என்று மேலே ஒரு வரி தட்டினேன். அந்த ‘வந்துட்டாங்களாம்’ எனக்கு யாரும் சொன்னதில்லை. நானே சேர்த்தது. குடும்பக் குரூப், அபார்ட்மென்ட் குரூப், பழைய ஆபீஸ் நண்பர்கள், காலை நடைப்பயிற்சிக் குரூப் என்று நாலு இடத்தில் போட்டேன். கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘நன்றி சார், உடனே என் மகளுக்கு அனுப்பிட்டேன்’ என்று ஒருவர் எழுதினார். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

மே 9ஆம் தேதி சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர், உறவினர்களோடு காரில் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போனார். அத்திமூர் கிராமத்தில் வழி கேட்க இறங்கினார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார். குழந்தை பிடிக்கிற கூட்டம் என்று யாரோ சொல்ல, ஊர் கூடிவிட்டது. அடித்தார்கள். அவர் இறந்தார், உடன் வந்தவர்கள் பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொருவர். அடித்தவர்களில் பலரிடம் என்னைப் போலவே ஒரு போன் இருந்திருக்கும். அதில் என்னைப் போலவே யாரோ ஒரு நல்லவர் அனுப்பிய எச்சரிக்கையும் இருந்திருக்கும்.

ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் தடுத்தது. ஃபார்வர்ட் ஆகி வந்ததற்கு அடையாளமும் வைத்தது. அடுத்த வருஷம், பலமுறை கை மாறி வந்தவற்றுக்கு இரட்டை அம்புக்குறி வைத்தார்கள். எங்கள் நடைப்பயிற்சிக் குரூப்பில் அதற்கு, ‘நிறைய பேர் செக் பண்ணி அனுப்பினது’ என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

அத்திமூர் செய்தியைப் பேப்பரில் படித்த காலையில், நான் அந்த நாலு குரூப்பிலும் மேலே தள்ளித் தள்ளிப் போய் என் வீடியோவைத் தேடிப் பிடித்தேன். விரலை வைத்து அழுத்தினேன். எல்லாரிடமிருந்தும் நீக்குவதற்கு அப்போது ஒரு மணி நேரச் சொச்சம்தான் கெடு. எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்பது மட்டும் இருந்தது. அதை அழுத்தினேன். என் போனில் இப்போது அது இல்லை.